போவாயா, பாப்பா?

திண்டிவனம்,
வியாழன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று உன்னோடு பேசிவிட்டுப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

வேலூர் சிஎம்சிக்கு, அதுதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, எம்பிபிஎஸ் படிக்க விண்ணப்பம் போடலாமா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் "எப்படியும் கிடைக்காதும்மா, 100 சீட்டுதான்" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கிடைச்சாலும் முடிச்சதும் ரெண்டு வருஷம் எங்கேயாவது மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்" என்றாய். நீ மெதுவாகச் சொன்னதுதான் உன் மனதில் கிடந்து உறுத்துகிறது என்று எனக்குப் பட்டது.

கிடைப்பது கஷ்டம்தான். நாடு முழுக்க 20 லட்சம் பேருக்கு மேல் நீட் எழுதுகிறார்கள். சபை சிபாரிசோடு வருகிற பிள்ளைகளிலேயே உன்னைவிட மார்க் கூடுதலாக வாங்கியவர்கள் இருப்பார்கள். முன்பெல்லாம் சிஎம்சியில் தனியாக நுழைவுத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்களை வேலூருக்கே வரவழைத்து, நாள்கணக்கில் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நீட் வந்தபோது அந்த வழக்கத்தை விட அவர்களுக்கு மனமில்லை. 2017-ல் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்ற 99 இடங்களைக் காலியாகவே விட்டார்கள். 2020-ல் சுப்ரீம் கோர்ட் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட்தான் என்று சொல்லிவிட்டது. இப்போது மார்க்தான் முதலில் பேசும். அதனால் கிடைக்காமல் போனால் உன்னைப் பார்த்து யாரோ வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. இல்லை என்று சொல்வதென்றால் அவர்களே சொல்லட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

எனக்குக் கவலை வேறு. அந்த நேர்முகத்தில் உட்காரவைத்து, நிஜமாகவே அந்த ஆஸ்பத்திரிக்குப் போவாயா என்று கேட்டிருப்பார்கள். இப்போது சிபாரிசு கேட்டுப் போனால் நம் சபைப் போதகர் ஐயர் கேட்பார், ஆனால் அவரிடம் நீ நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்வாய். அதனால் நான் கேட்கிறேன். போவாயா?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே. நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், அதற்கப்புறம் இந்த இரண்டு வருடம். உனக்கு 27 ஆகிவிடும். கூடப் படித்தவர்கள் அதற்குள் பிஜி சேர்ந்திருப்பார்கள். அனுப்புகிற இடம் நம் பக்கமாகவும் இருக்கலாம், பாஷை தெரியாத வடக்கத்தி ஊராகவும் இருக்கலாம். சின்ன ஆஸ்பத்திரி என்றால் ராத்திரி வருகிற கேஸுக்கெல்லாம் நீதான். கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் பெரிய டாக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது. பிசியோதெரபி படிக்கக் கோயம்புத்தூர் போன முதல் மாதம் நீ தினமும் அழுதாய், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஆயா கேட்கிற கல்யாணக் கேள்வியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அதற்கு நானும் அப்பாவும் பதில் சொல்லிக்கொள்கிறோம்.

நம் ஊர்க் கதை உனக்குத் தெரியும். 130 வருடத்துக்கு முன்னால் இதே திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிக்கும் பிரசவ வலி. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று கெஞ்சினார்கள். ஐடாவுக்கு அப்போது வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். பிறகு அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் இந்த சிஎம்சியை ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஞாயிறு பள்ளியில் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு ஒரு பாடம்தான்.

நான் நர்ஸாகி நாலாவது வருடம், ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எனக்கு அது புரிந்தது. என் ஏரியாப் பெண், இரண்டாவது பிரசவம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. டூட்டியில் இருந்த டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார், வயிற்றின் மேல் கை வைத்துக் கருப்பையை அழுத்திப் பிடித்தவர் பிடியை விடவே இல்லை. 108 வந்ததும் அவரே ஏறிவிட்டார். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் கை எடுக்கப்படவில்லை. எதிரே உட்கார்ந்து குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவருக்கு உதடு நடுங்கியது, கை நடுங்கவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அவளுடைய மகனுக்குத் தடுப்பூசி எல்லாம் நான்தான் போட்டேன்.

அந்த டாக்டரம்மா எந்தக் கல்லூரியில் படித்தார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. அதனால் சிஎம்சி கிடைக்காமல் அரசுக் கல்லூரி கிடைத்தால் குறைந்துபோனதாக நினைக்காதே. பிசியோதெரபியிலேயே இருந்துவிடுகிறேன் என்றாலும் எனக்குச் சம்மதம். பக்கவாதம் வந்த தாத்தா தானாக டம்ளரைத் தூக்கிக் காபி குடித்தார் என்று நீ சொன்ன அன்று உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதே சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையத்தை உண்டாக்கியவரும் அவர்தான். நீ இப்போது படிப்பது சின்னப் படிப்பு இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வேலூரில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் தாத்தாவைக் கூட்டிப்போய் 11 நாள் அந்த லாட்ஜில் தங்கியிருந்தோமே, தெருவெல்லாம் வங்காள மொழியில் போர்டு எழுதியிருக்குமே, அப்போதே வந்த ஆசை. எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வந்த சனங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். உனக்கு அப்போது ஒன்பது வயது, என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அது என் ஆசை, நீ அதைச் சுமக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. அங்கே கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகும், அப்பா விசாரித்துவிட்டார். நீட் மார்க் மட்டும் போதாது, கல்லூரிக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கவுன்சிலிங்குக்கும் பதிய வேண்டும் என்கிறார். சான்றிதழ்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிபாரிசுக் கடிதத்துக்காக அப்பா ஐயரைப் பார்க்கப் போகிறார். வேண்டாம் என்று நீ சொன்னால் போக மாட்டார், ஏன் என்றும் கேட்க மாட்டார். சனிக்கிழமை ராத்திரி கூப்பிடு. கிடைக்குமா கிடைக்காதா என்று பேச வேண்டாம். போவாயா மாட்டாயா, அதை மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா