முதல் முறை மேடையேறப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் குழுவுக்கு அந்தக் கிறிஸ்தவ இசை விழாவில் இடம் கிடைத்துவிட்டது, அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதற்குக் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். பாட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் சாட்சி சொல்லலாம், கடைசியில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கையை உயர்த்தச் சொல்லி அழைப்பு கொடுக்கலாமா என்று. குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் போல. கிறிஸ்தவ பங்க், அதாவது வேகமும் சத்தமுமான பங்க் ராக்கில் விசுவாசத்தைப் பாடுகிற இசை, வாசிக்கிற எந்தக் குழுவும் இந்தச் சண்டையை வேனுக்குள் போடாமல் இருந்ததில்லை, அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே வைக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரசங்கம் வேண்டாம். பாடிவிட்டு இறங்கு.

உடனே கோபப்படாதே. உன் விசுவாசத்தை மறைத்துக்கொள் என்று சொல்லவில்லை. எதிரே யார் நிற்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பார். அந்தக் கூடாரத்தில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் சண்டே ஸ்கூலில் வளர்ந்தவர்கள், வசனங்களை உன்னைவிட வேகமாகச் சொல்வார்கள், இளைஞர் முகாம்களில் கை உயர்த்தி உயர்த்திக் களைத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் வெயிலில் வந்து நிற்கிறார்கள். அதாவது கோபத்தையும் சந்தேகத்தையும் கத்திச் சொல்ல ஓர் இடம். சங்கீதப் புத்தகத்திலேயே புலம்பலும் முறையீடும் எத்தனை இருக்கிறது, நம் சபைகளில் அதையெல்லாம் யார் பாடுகிறார்கள் சொல்? அதை நீ பாடப் போகிறாய். பாடி முடித்ததும் மைக்கைப் பிடித்து விளக்கவுரை கொடுத்தால், பாட்டின் மேல் உனக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் எதிரே நிற்பவனுக்குப் படும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கார்னர்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ இசை விழா நடந்த காலத்தில் நாங்கள் நண்பர்களாகப் போய் வாசித்ததைப் பற்றி முன்பே உனக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். அந்த விழா 1984-ல் தொடங்கியது. சிகாகோவில் கூட்டு வாழ்க்கை நடத்துகிற ஜீசஸ் பீப்பிள் யுஎஸ்ஏ என்ற சமூகம்தான் நடத்தியது. 1991-ல் புஷ்னெல் என்ற சின்ன ஊருக்கு வெளியே இருந்த பண்ணை நிலத்துக்கு மாறி, 2012 ஜூலையோடு முடிந்துபோனது. பெரிய மேடைகளில் வாசிக்க அழைப்பு வேண்டும், எங்களை யார் அழைத்தது? எங்களுக்குக் கிடைத்தது ஜெனரேட்டர் ஸ்டேஜ். யாரோ ஒருவர் ஜெனரேட்டர் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, முகாம் போட்ட இடத்திலேயே பலகை அடித்து, மேலே தார்பாய் கட்டிவிடுவார். பெயர் கொடுத்தால் போதும், வாசிக்கலாம். பக்கத்து ஜெனரேட்டர் மேடையில் வேறொரு குழு அதே நேரத்தில் அலறிக்கொண்டிருக்கும். பாட்டு நின்ற நொடியில் அவர்களுடைய டிரம்ஸ் நம் மைக்குக்குள்ளேயே வந்து விழும். நீ அங்கே நின்று பத்து நிமிடம் பேசியிருந்தால் கேட்டவர்கள் அப்படியே பக்கத்து மேடைக்கு நடந்திருப்பார்கள். அந்த மேடைகள் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் அது, இடைவெளி விடக் கூடாது.

இன்னொரு விஷயம் உண்டு, அதுதான் எனக்குப் பெரிது. நீ பேச ஆரம்பித்ததும் உன் நண்பர்கள் என்ன செய்வார்கள் என்று கவனித்திருக்கிறாயா? கிட்டார்காரன் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பான். பேஸ்காரன் ஏற்கெனவே டியூன் ஆன கம்பியை மறுபடியும் டியூன் செய்வான். டிரம்ஸ்காரன் சட்டையில் கையைத் துடைத்து, குச்சியை மாற்றிப் பிடித்து, உன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பான், உடம்புச் சூடு இறங்கிவிடும், அடுத்த பாட்டின் வேகம் கண்டிப்பாகக் குறையும். நான்கு பேரும் சேர்ந்து மாதக்கணக்கில் எழுதியதைச் சொல்ல வந்த மேடையில் மூன்று பேர் பந்தல்கால் மாதிரி நிற்பார்கள். நட்பாகத் தொடங்கிய குழுக்கள் பணத்தால் உடைந்ததைவிட இப்படி ஓரமாக நிறுத்தப்பட்ட கசப்பில் உடைந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பேசாமலே சொன்னவர்கள் நிறைய உண்டு. எம்எக்ஸ்பிஎக்ஸ் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டனில் 1992-ல் பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு. 1994-ல் டூத் அண்ட் நெயில் நிறுவனம் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. நட்பு, ஊர், வளர்வதன் குழப்பம் என்று பாடிக்கொண்டே சபைக்குள்ளும் வெளியிலும் அவர்கள் ரசிகர்களைச் சேர்த்தார்கள். டென்வரின் ஃபைவ் அயர்ன் ஃபிரென்ஸி, ஊதுகருவிகளும் துள்ளலும் சேர்ந்த ஸ்கா பங்க்கில் கேலியும் கிண்டலுமாக இருப்பவர்கள், அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றியும் பாடினார்கள், கிறிஸ்தவ விழாக்களில் அதைக் கேட்க எத்தனை பேருக்கு நெளிந்திருக்கும் என்று நினைத்துப் பார். டெக்சாஸின் ஒன் பேட் பிக் குழு 1991-ல் புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் பாட்டு ஒன்றை பங்க்காக மாற்றியபோது ஜானி கேஷே வந்து கூடப் பாடினார். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே சிகாகோ சமூகத்தின் ரெசரெக்‌ஷன் பேண்ட் பாட்டோடு சேர்த்துப் பேசவும் பேசியது. ஆனால் அவர்கள் சிறைகளுக்குள் எல்லாம் போய் வாசித்தவர்கள். சபைப் பக்கமே வராதவர்கள் முன்னால் பேசுவது வேறு, கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் முன்னால் அதையே திரும்பச் சொல்வது வேறு. நீ என்றைக்காவது ஒரு சிறையில் வாசித்தால் அப்போது இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

பேசியே ஆக வேண்டும் என்றால் இறங்கி வந்து பேசு. டி-ஷர்ட் விற்கும் மேசைக்குப் பின்னால் உன் ஆள் ஒருவர் எப்போதும் நிற்கட்டும், வருகிறவர்கள் வாங்குவதற்கு மட்டும் வருவதில்லை. ஒரு பையன் ஸ்டிக்கர்களை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டே நிற்பான், கூட்டம் குறைந்ததும் தன் வீட்டுக் கதையை ஆரம்பிப்பான். ஜெபம் வேண்டுமா என்று கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மைக்கில் சொல்லியிருந்தால் அவன் வந்திருக்கவே மாட்டான்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். டிரம்ஸ் பெரும்பாலும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் நீங்களே கொண்டுபோக வேண்டும், கேட்டு உறுதி செய்துகொள். உங்கள் முறை வருவதற்குள் மேடைக்குப் பின்னாலேயே டியூன் செய்து சிம்பல்களை ஸ்டாண்டில் மாட்டித் தயாராக நில்லுங்கள், குழு மாறும் நேரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். சவுண்டு பார்ப்பவரிடம் மரியாதையாகப் பேசு, அவர் காலையிலிருந்து அந்த வெயிலில் நிற்கிறார். காதில் அடைப்பான் போடு, இதில் வீரம் காட்டாதே. உங்கள் வாசிப்பு முடிந்ததும் வேனுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளாமல் மற்ற குழுக்களின் முன்னால் போய் நில்லுங்கள், முக்கியமாகப் பத்துப் பேர் மட்டும் கேட்கிற குழுவின் முன்னால். மேடைக்கு முன்னால் இடித்துத் தள்ளி ஆடுகிற மோஷ் பிட்டுக்குள் போவதென்றால் ஷூ லேஸை இரட்டை முடிச்சுப் போடு. யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் நின்று தூக்கிவிடுவார்கள், நீயும் தூக்கிவிடு. கழன்றுபோன ஷூ ஒன்றை யாராவது தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பார்கள், சொந்தக்காரன் நொண்டிக்கொண்டே வந்து வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போவான்.

கடைசியாக உன் பாட்டு வரிசை. அப்பாவைப் பற்றி நீ எழுதியதை முடிவில் வைத்திருக்கிறாய். அதை இரண்டாவதாகக் கொண்டு வா. முதல் பாட்டு முடிவதற்குள்தான் சவுண்டு ஓரளவு சரியாகும், முந்தைய குழு நேரம் தாண்டிவிட்டால் வெட்டுப்படுவது கடைசிப் பாட்டு. மாற்றி எழுதி இன்றைக்கே அனுப்பு, நேரக் கணக்கைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்