எண்பத்தொரு லேபிளுக்கு எண்பத்தொரு பெயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் பைத்தான் பாடத்தைக் கத்தரித்து வைத்து, என் மாலை வகுப்பில் நடத்தி வருகிறேன். தமிழில் இப்படி ஒரு பாடம் தொடர்ந்து வருவதே பெரிய உதவி. அந்த உரிமையில்தான் சென்ற வாரம் வந்த சுடோகு பலகைப் பாடம் பற்றி எழுதுகிறேன்.

9 நிரை (கிடை வரிசை), 9 நிரல் (நெடுவரிசை) கொண்ட பலகை அது. பைத்தானில் திரைப் பலகைகள் செய்ய உதவும் டிகின்டரின் லேபிள்களை, அதாவது எழுத்தைக் காட்டும் சிறு பெட்டிகளை, கட்டம் கட்டமாக வைக்கும் 'கிரிட்' முறையில் அடுக்கச் சொல்லியிருந்தீர்கள், அதில் குறையில்லை. ஆனால் லேபிள்1, லேபிள்2 என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, நான்கைந்தை எழுதிக் காட்டிவிட்டு, மற்றவற்றையும் இதேபோல் எழுதிக்கொள்ளச் சொல்லிப் பாடம் முடிந்துவிட்டது. என் மாணவி ஒருத்தி அப்படியே எழுதினாள். லேபிளை உருவாக்க ஒரு வரி, இடத்தில் வைக்க ஒரு வரி என்று மொத்தம் 162 வரிகள். இரண்டு மாலை பிடித்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, பலகையும் அழகாக வந்தது.

"ஐந்தாம் நிரைல 7 ஏற்கெனவே இருக்கான்னு பாரும்மா" என்றேன். லேபிள்37 முதல் லேபிள்45 வரை ஒவ்வொரு பெயராக எழுதிச் சமாளித்தாள். "சரி, இப்ப ஐந்தாம் நிரல்ல பாரு" என்றதும் லேபிள்5, லேபிள்14, லேபிள்23 என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு மாலை உழைத்த பிள்ளையிடம் அத்தனையையும் அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

லேபிள்களைத் திரையில் அடுக்குவது ஒரு வேலை. அடுக்கியதை வேண்டும்போது தேடி எடுப்பது வேறு வேலை. 'கிரிட்' முதல் வேலையைத்தான் செய்கிறது. இரண்டாவதற்கு நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பட்டியலுக்குள் பட்டியலாக, 'பலகை' என்ற ஒரே பெயரில் 81 லேபிள்களையும் வைத்துக்கொண்டால் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுழற்சிகள், ஐந்தாறு வரிகள். அதன்பின் நிரை எண், நிரல் எண் இரண்டையும் கொடுத்தால் எந்த லேபிளும் கைக்கு வரும். ஒரு நிரையைச் சோதிப்பதும் ஒரு நிரலைச் சோதிப்பதும் ஒரே அளவு வேலையாகிவிடும். பைத்தான் பட்டியலில் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும், 8இல் முடியும். 3க்கு 3 சிறு கட்டத்தின் தொடக்கம் வேண்டுமானால், நிரை எண்ணை 3ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டு மறுபடி 3ஆல் பெருக்கினால் கிடைக்கும், நிரலுக்கும் அப்படியே.

பட்டியலில் வைக்கும்போது சறுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. லேபிளை உருவாக்குவதையும் 'கிரிட்' செய்வதையும் ஒரே வரியில் கோத்து எழுதி அதைப் பட்டியலில் சேர்த்தால், பட்டியலில் லேபிள் இருக்காது, 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நன்' (None) தான் இருக்கும். 'கிரிட்' எதையும் திருப்பித் தருவதில்லை என்பதே காரணம். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும் என்பதால் பிள்ளைகள் அங்கே சந்தேகப்படுவதே இல்லை.

இரண்டாவது சறுக்கலை ஒரு பதினோராம் வகுப்பு மாணவன் எனக்குக் காட்டினான். "மேடம், மேல் வரிசைல 5 போட்டா அடி வரிசைல விழுது" என்று ஓடி வந்தான். போய்ப் பார்த்தேன். எந்த நிரையில் எழுதினாலும் கடைசி நிரையில்தான் தெரிந்தது. ஒன்பது வெற்றிடம் கொண்ட பட்டியல் ஒன்றைச் செய்து, அதையே 9ஆல் பெருக்கியிருந்தான். ஒன்பது நிரைகள் உருவானதாக அவன் நினைத்துக்கொண்டான். உண்மையில் இருந்தது ஒரே நிரை. ஒன்பது இடத்திலிருந்து அதையே சுட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் புது லேபிள்கள் பழையவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. திரையில் 81 லேபிள்கள், கையில் கடைசி 9 மட்டும். நிரைக்கு நிரை புதுப் பட்டியல் செய்யச் சொன்னேன், சரியாகிவிட்டது. அன்று அவனுக்குப் புரிந்ததை ஒரு மணி நேர விரிவுரையால் புரியவைத்திருக்க முடியாது.

லேபிளைக் கிளிக் செய்யும் பகுதிக்கு வரும்போது இன்னொன்றும் நடக்கும். சுழற்சிக்குள் லேம்ப்டா (பெயரில்லாத சிறு செயல்கூறு) எழுதினால், எதைத் தொட்டாலும் நிரை 8, நிரல் 8 என்றே வரும். லேம்ப்டா அந்த மாறிகளின் மதிப்பைப் பார்ப்பது கிளிக் செய்யும் நேரத்தில். அதற்குள் சுழற்சி முடிந்து இரண்டும் 8இல் நின்றிருக்கும். எண்களை லேம்ப்டாவின் இயல்பு மதிப்புகளாக அங்கேயே கட்டிவிடலாம். கிளிக் ஆன லேபிளையே பிடித்து, 'கிரிட்_இன்ஃபோ' மூலம் அதன் இடத்தைக் கேட்கவும் செய்யலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழியின் காலத்தில். ஒரு லேபிளை நகலெடுத்து அதே படிவத்தில் ஒட்டினால், கண்ட்ரோல் அரே உருவாக்கட்டுமா என்று அதுவே கேட்கும். சம்மதித்தால் எல்லா லேபிளுக்கும் ஒரே பெயர். 0, 1, 2 என்று இன்டெக்ஸ் எண் மட்டும் மாறும். 47ஆம் எண் எங்கே என்றால், 9ஆல் வகுத்து ஈவு 5 நிரை, மீதி 2 நிரல் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 2002இல் வந்த விஷுவல் பேசிக் டாட் நெட்டில் அந்த வசதி இல்லாமல் போனது. பட்டியலில் நாமே வைத்துக்கொள்ள அப்போது கற்றுக்கொண்டேன்.

எது முதலில், நிரையா நிரலா? இதைத் தங்கள் பாடம் தொடவே இல்லை. டிகின்டர் போன்ற இன்னொரு கருவித்தொகுப்பான க்யூடியில் ஓர் இடத்திலுள்ள பொருளைக் கேட்கும்போது நிரை முதலில் வரும். டாட் நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் கட்டங்கள் அடுக்கும் டேபிள்லேஅவுட்பேனலில் அதே கேள்விக்கு நிரல் முதலில். பணியில் இருந்தபோது, 12 இயந்திரங்களின் 12 மணி நேர நிலையைக் காட்டும் பலகை ஒன்றை எழுதினேன். இரண்டு எண்களையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சதுரப் பலகை என்பதால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மூன்றாம் இயந்திரத்தில் ஏழாம் மணிக்கு வந்த பழுது, ஏழாம் இயந்திரத்தின் மூன்றாம் மணியில் சிவப்பாகத் தெரிந்தது. நன்றாக ஓடிய இயந்திரத்தை நிறுத்திக் கழற்றிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்தப் பலகையையும் முதலில் 3 நிரை, 5 நிரல் என்று வைத்துத்தான் சோதிக்கிறேன். எண்கள் இடம் மாறினால் எல்லை தாண்டி உடனே பிழை காட்டும். சுடோகு சதுரம், அங்கே இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும்.

சொல் பற்றியும் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கணிதத்தில் அணிகள் படித்த பிள்ளைக்கு நிரை கிடையாக, நிரல் நெடுக்காக. தங்கள் பாடமோ புரோகிராமையும் நிரல் என்கிறது. "மூன்றாம் நிரலைத் திருத்துக" என்ற வரியைப் படித்துவிட்டு, என் வகுப்பில் பாதிப் பேர் மூன்றாம் புரோகிராமைத் திறந்தார்கள். நிரலாக்கம் என்ற சொல் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கட்டங்கள் வரும் பாடத்தில் மட்டுமாவது நெடுவரிசை என்று எழுதுங்கள், அல்லது புரோகிராம் என்றே விட்டுவிடுங்கள்.

சுடோகு பாடத்தை இன்னொரு முறை வெளியிடுங்கள். அடுக்கும் பகுதி அரைப் பத்தியில் முடியட்டும். மீதி இடம் முழுவதும், நிரை எண்ணும் நிரல் எண்ணும் கொடுத்து ஒரு லேபிளை எடுத்து அதன் எழுத்தை மாற்றும் பயிற்சிக்குப் போகட்டும். என் மாணவி அழித்த 162 வரிகளின் அச்சுப்படியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அவள் சம்மதத்துடன்தான்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் கணினி ஆசிரியை