வேலி யாருடையது?

உரும்பிராய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. வெங்காயம் கிண்டியாயிற்று. இன்று எழுத இருந்தது தங்கச்சியின் மகளால்தான்.

பிள்ளை இந்த முறை சாதாரண தரம் எழுதுகிறாள். போன கிழமை வரைபுத்தாளோடு வந்து அழுகிறாள். கணக்கு ஒரு சமனிலி, விடை வரும் பக்கத்தை நிழற்ற வேண்டும்: 2எக்ஸ் − வை < 4. (0, −4), (2, 0) இரண்டையும் தொட்டுக் கோடு அச்சொட்டாகக் கீறியிருக்கிறாள். நிழற்றியதுதான் பிழை, கோட்டுக்குக் கீழே. 'சிறிதென்றால் கீழே, பெரிதென்றால் மேலே' என்று ரியூசனில் பாடமாக்கச் சொன்னார்களாம். வை தனியே இடப்பக்கம் நின்றால் அது சரி. இங்கே அதற்கு முன்னால் மறைக்குறி நிற்கிறதே! 2எக்ஸை மறுபக்கம் கொண்டுபோய் −1 ஆல் பெருக்கினால் குறி திரும்பிவிடும், வை > 2எக்ஸ் − 4. மேல்பக்கம். காரணம் சொல்லாமல் பிள்ளைகளுக்கு விதியை மட்டும் கொடுக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபம்! நீ திருப்பிப் போட்டுப் போட்டு மாஸ்டரிடம் குட்டு வாங்கிய அதே குறிதான். ஆங்கிலேயக் கணித அறிஞர் தோமஸ் ஹாரியட் இறந்து பத்து வருடம் கழித்து, 1631இல் வந்த அவருடைய புத்தகத்தில்தான் அது முதலில் அச்சானது.

சரி, வா என்று அவளை வளவுக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் பொட்டால் நுழைந்து மாங்காய் ஆய்வோமே, அந்தக் கிழக்கு வேலி எங்களுடையது. நாங்கள்தான் கதியால் தடிகள் நட்டு அடைக்கிறோம். தெற்கு வேலி பக்கத்து வளவுக்காரருடையது, அதில் ஒரு பூவரசங் குழைகூட முறிக்க ஏலாது. "≤ என்றால் வேலியும் எங்களுக்கு, முழுக்கோடு கீறு. வெறும் < என்றால் வேலிவரைக்கும் வரலாம், வேலி எங்களுடையதல்ல, முறிகோடு" என்றேன். எந்தப் பக்கம் எங்கள் காணி? ஓர் ஆளை நிறுத்திக் கேட்டால் போச்சு. (0, 0)ஐப் போட்டாள். 0 < 4, உண்மை. அவன் நிற்கிற பக்கத்தை நிழற்றினாள். கோடு (0, 0) என்ற உற்பத்திப் புள்ளியூடாகவே போனால் அவன் வேலியில் அல்லவா நிற்பான், அப்போது வேறு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் தானாகவே ஒரு கணக்குப் போட்டாள். ஆறு பரப்புத் தோட்டம், எக்ஸ் பரப்பு வெங்காயம், வை பரப்பு மிளகாய். கூட்டினால் 6க்கு மேல் போகாது, இரண்டும் 0க்குக் குறையாது. ஒரு முக்கோணம் வந்தது. அதற்குள் விரலை வைத்து, "இதுவும் விடை, இதுவும் விடை, எல்லாமே விடையா மாமா?" என்று கேட்ட முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மச்சான். எத்தனை வருடம் இந்தக் கோடுகளைக் கீறியிருப்போம்! எங்களுக்கு அந்தச் சந்தோசத்தை ஒருவரும் காட்டவில்லை.

இரவு சாப்பிடும்போது திரும்பக் கேட்டாள்: "கிழக்கு வேலியும் தெற்கு வேலியும் சந்திக்கிற மூலைக் கதியால் ஆருக்கு?" நான் வாய் திறக்கவில்லை. சோற்றுக் கையோடு கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டும் சரிவந்தால்தானே எங்களுக்கு. தெற்கு எங்கடை இல்லை, அப்ப மூலையும் இல்லை" என்றாள். கை கழுவிவிட்டு வந்து, தாளில் அந்த மூலையில் ஒரு வெறும் வட்டம் போட்டாள்.

பதில் போடு.

உன்,
மச்சான்