அளவு கேட்டிருந்தாய்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்தப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் 'சரிப்பா' என்று வைத்துவிடுவாய். இரண்டு மாதமாக அந்த இரண்டு நிமிடமும் இல்லை. அதனால்தான் காகிதம்.

அச்சோவியர் ஜரினா ஹாஷ்மியைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை மூன்று தடவை படித்தேன். புரூஃப் பார்த்த கண், முதல் தடவை பிழைகள்தான் பட்டன. ஏழு. ஓரத்தில் குறித்திருக்கிறேன். மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. உன் தாத்தாவுக்கு அப்புறம் நம் வீட்டில் எழுத வந்தது உனக்குத்தான். ஆனால் ஒரு குறை. அலிகாரில் 1937இல் பிறந்தது, கணக்கில் பட்டம் வாங்கியது, வெளியுறவுத் துறைக்காரரைக் கட்டிக்கொண்டு பாங்காக், பாரிஸ், பான் என்று ஊர் ஊராகப் போனது, பிரிவினை, வீடு, மொழி எல்லாம் 22 பக்கம். அந்த அம்மா எப்படி அச்சடித்தார் என்பதற்கு நாலே வரி! ட்ரெடில் அச்சு இயந்திரம் மிதித்தவன் மகள் எழுதுகிற கட்டுரையா இது?

அந்த நாலு வரியிலும் ஒரு தப்பு. 2001இல் செய்த பிரிவினைக் கோட்டுப் படத்தைப் பற்றி, 'எல்லைக் கோட்டை மரத்தில் செதுக்கினார்' என்று எழுதியிருக்கிறாய். கோட்டைச் செதுக்கியிருந்தால் அது பள்ளம். பள்ளத்தில் மை ஏறாது, தாளில் வெள்ளையாக வரும். படத்தில் கோடு கறுப்பாக இருக்கிறதே. அப்படியானால் அவர் கோட்டைத் தொடவே இல்லை. இந்தப் பக்கத்து நாட்டையும் அந்தப் பக்கத்து நாட்டையும் வெட்டி எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் நிற்கவிட்டிருக்கிறார். சுற்றிலும் சிதறலாகத் தெரிவது உளி விட்டுப்போன மேடு. அதையும் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார். நம் அச்சகத்தில் அதை அழுக்கு என்போம், துடைத்துவிட்டு மறுபடி அடிப்போம். அவருக்கு அது வேண்டியிருந்தது. பிரிவினையைப் பற்றி நீ எழுதிய ஆறு பக்கத்தைவிட இந்த ஒன்று போதும். அதை எழுது.

அளவு கேட்டாயே, நம் வீட்டு வரைபடம், அதை நீயும் மரத்தில்தான் வெட்டப் போகிறாய் என்பதால் சொல்கிறேன். நிற்கிற கோடு வயல் வரப்பு மாதிரி இருக்க வேண்டும். மேலே குறுகல், அடியில் அகலம். கத்தி முனை கோட்டுக்கு வெளிப்பக்கமாக இறங்கும்படி சாய்த்துப் பிடித்தால் அந்தச் சரிவு தானாக வரும். முனை கோட்டுக்கு உள்ளே இறங்கினால் அடி குடைந்துபோகும். முதல் பத்துப் பிரதி அழகாக வரும், அப்புறம் கோடு பெயர்ந்து ரோலரில் ஒட்டிக்கொண்டு வரும். கோட்டை ஒட்டி 2 மில்லிமீட்டர் ஆழம் போதும். பெரிய வெற்றிடத்தில் 4, 5 வரை இறங்கு. இல்லாவிட்டால் தாள் தொய்ந்து அடியைத் தொடும்.

கட்டையை வெயிலில் காயவைக்காதே. பரோடாக் காற்று இப்போது வறண்டிருக்கும், நிழலிலேயே காயும்.

மை. ரோலரைக் கண்ணாடியில் ஓட்டும்போது காதைக் கொடு. 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் வந்தால் சரியான கனம். 'சப் சப்' என்று ஒட்டி ஒட்டி எழுந்தால் மை அதிகம், நுணுக்கமான இடமெல்லாம் அடைத்துக்கொள்ளும். கறுப்பு அடர்த்தியாக வர வேண்டுமானால் மெல்லிசாக இரண்டு தடவை ஏற்று, ஒரே தடவையில் அப்பாதே. புதுக் கட்டை முதல் மூன்று நாலு பிரதியில் மையைக் குடிக்கும். அதைப் பார்த்துப் பயந்து மையைக் கூட்டிவிடாதே, ஐந்தாவதில் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் அவர் கிடைத்த மரத்துண்டுகளைச் சேர்த்துவைத்து, ரேகைக்கு மை ஏற்றிப் படம் எடுத்ததை நீ ஒரு வரியில் தாண்டிவிட்டாய். பிளைவுட்டை வைத்து நீயே செய்து பார். கம்பி பிரஷ்ஷால் ரேகையோடு தேய்த்தால் மரத்தின் மெத்தான பாகம் இறங்கும், வைரமான பாகம் நிற்கும். குறுக்கே தேய்த்தால் எல்லாம் கீறல்.

எண்ணெய் மையில் கோஸோ என்கிற ஜப்பானியத் தாளை நனைக்க வேண்டாம். பின்னால் மரக் கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் தேய்த்தாலே எடுக்கும், அவ்வளவு நீள நார் அதற்கு. கனமான தாளில் ஒட்டும்போதுதான் வினை. பசை பட்டதும் கோஸோ விரியும், காயும்போது சுருங்கும். அடித்தாள் காய்ந்து கிடந்தால் அதையும் சேர்த்து இழுத்து ஓடு மாதிரி வளைத்துவிடும். அதனால் அடித்தாளுக்கும் லேசாக ஈரம் காட்டு. இரண்டு தாளின் நார் ஓட்டமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து நனைத்துப் பார். அது சுருண்டு குழாய் ஆகும், குழாய் நீளும் திசைதான் ஓட்டம். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. கண்ணாடி மாதிரி தெளிகிறவரை காய்ச்சி வடிகட்டு. பைண்டிங் பசைக்கு நாங்கள் மயில்துத்தம் போடுவோம், பூச்சி வராது. உனக்கு அது வேண்டாம், நாளாக ஆகக் கறை விடும். மை ஒரு வாரமாவது காய்ந்த பிறகு ஒட்டு. பலகைக்கு நடுவே ஒற்றுத்தாள் வைத்துப் பாரம் ஏற்று, முதல் நாள் ஒற்றுத்தாளை இரண்டு தடவை மாற்று.

வேளைக்குச் சாப்பிடு. கட்டையை வெயிலில் வைக்காதே.

அறைப் பெயர்களைத் தமிழில் வெட்டப் போகிறேன் என்றாய். நல்லது. அவரும் அலிகார் வீட்டின் வரைபடத்தில் உருதுவில்தானே எழுதினார். கண்ணாடி வைத்துப் பார்த்து வெட்டாதே, தலை சுற்றும். கட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள். அச்செழுத்துக் கோக்கிற கம்போசிட்டர் ஸ்டிக்கில் படிப்பது அப்படித்தான், எழுத்து கால் மேலாக நிற்கும், ஆனால் வரி இடமிருந்து வலமாகவே போகும். 'கொல்லை'யில் கொம்பு முன்னே, கால் பின்னே. அவசரத்தில் மாறும். எனக்கு மாறியிருக்கிறது.

2004இல் அவர் செய்த எட்டுப் படத் தொகுப்பைத்தான் நீ அதிகம் எழுதியிருக்கிறாய். கராச்சியில் இருந்த அக்கா ராணி உருதுவில் எழுதி, தங்கைக்குத் தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள். கையெழுத்து உலோகத் தகட்டில், அதன்மேல் வீட்டுப் படமும் ஊர்க் கோடும் மரத்தில். இரண்டு அச்சு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டுமே, அந்தப் பொருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாயா? நீ செய்தால் மூலையில் ஒரு ஆப்பு, நீளப்பக்கத்தில் ஒரு ஆப்பு. தாளை முதலில் மூலையில் உட்காரவைத்து அப்புறம் பக்கத்தில் தொடவிடு. ஒரு நூல் நகர்ந்தாலும் கண் கண்டுபிடிக்கும். மெல்லிய எழுத்தை முதலில் அடித்து, காயவிட்டு, கனமான கறுப்பைப் பிறகு.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். அப்பா அம்மா இறந்தது, வீட்டை விற்றது, பிள்ளைகள் வெளியே போனது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

வெனிஸ் கலைக் கண்காட்சியில் இந்தியக் கூடம் என்று முதன்முதலாக 2011இல் வைத்தபோது அவரை அழைத்திருக்கிறார்கள். 73 வயது. நியூயார்க் கூகன்ஹைம் மியூசியத்தில் பெரிய கண்காட்சி 2013இல். உனக்கு 26. ஒரு கண்காட்சியில் உன் படத்தை எடுக்கவில்லை என்று சித்தியிடம் அழுதாயாம். என்னிடம் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. வீட்டைக் கொடுத்தாகிவிட்டது, கயல். ஆவணியில் பத்திரம் முடிந்தது. நீ முதல் தடவை அளவு கேட்டபோதே அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். குடித்தனக்காரர் ஊரில் இல்லை என்றது பொய். வேலை முடியட்டும், மனசு கெட வேண்டாம் என்று நினைத்தேன் என்று எழுதலாம், அதுவும் முழு உண்மை இல்லை. நீ வேண்டாம் என்பாய், அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கடன் எவ்வளவு என்று சித்தப்பாவுக்குத் தெரியும், கேட்டுக்கொள். ராணியம்மா எழுதியாவது வைத்தார். நான் எழுதவும் இல்லை. இடித்துவிட்டார்களா என்று போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

சாவி கொடுப்பதற்கு முதல் நாள் நானும் சித்தப்பாவும் அளந்தோம். அகலம் 22 அடி, நீளம் 90. வாசலிலிருந்து: திண்ணை 6 அடி, ரேழி 12, முற்றம் சேர்த்துக் கூடம் 28, அடுக்களைக் கட்டு 18, கொல்லை 26. முற்றம் மட்டும் 11க்கு 9. வெளிச்சுவர் ஒன்றரை அடி, உள்சுவர் 9 அங்குலம். ஒரு அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று போட்டால் நீளம் 27 சென்டிமீட்டர் வரும், உன் கட்டையில் அடங்கும். வெளிச்சுவர் நாலரை மில்லிமீட்டர், உள்சுவர் இரண்டேகால். இரண்டேகால் மில்லிமீட்டர் வரப்பு தாங்கும், கத்தியைச் சாய்த்துப் பிடி. கிணறு விட்டம் 5 அடி 4 அங்குலம். கொல்லைக் கதவுப் பக்கத்துச் சுவர் நேராக இல்லை, 90 அடியில் 3 அங்குலம் தெற்கே ஒதுங்குகிறது. நேராக்கிவிடாதே. அம்மா அறையை அளக்கவில்லை. நீ நினைவிலிருந்து போட்டுக்கொள், கட்டில் 6க்கு 4.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: டேப் காணவில்லை என்று சொன்னேனே, அது மேஜை டிராயரில்தான் இருந்தது.