ஷோகேஸில் இருந்த படம்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ‘ஆகஸ்டில் கிறிஸ்துமஸ்’ என்ற அந்தக் கொரியப் படம் முடிந்ததும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். “அந்தப் பையனுக்கு என்ன சீக்குன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையேடா, மறந்துட்டாங்களா?” என்பது ஒன்று. “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஏன் போனான்?” என்பது இன்னொன்று. அத்தை சாப்பிடக் கூப்பிட்டதால் அன்றைக்குத் தப்பித்தேன். ஆனால் இரண்டாவது கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. பதிலை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருஷம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

முதல் கேள்வி சுலபம். மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிற கதாநாயகன் ஜோங்வொன் மாத்திரை போடுகிறான், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறான், அவ்வளவுதான். நம்மூர்ப் படமாக இருந்தால் இடைவேளைக்கு முன்னாலேயே டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். இது இயக்குநர் ஹோ ஜின்ஹோவின் முதல் படம், 1998 ஜனவரியில் வந்தது. 1996-இல் இறந்துபோன கிம் குவாங்சோக் என்ற பாடகரின் இறுதிச் சடங்கில் வைத்திருந்த போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சிரிப்பிலிருந்துதான் கதையின் பொறி கிடைத்தது என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். ஒரு போட்டோவில் ஆரம்பித்த கதைக்கு வியாதியின் பெயர் எதற்கு?

குடும்பத்தோடு படம் எடுக்க வந்த பாட்டி, சாயங்காலம் தனியாகத் திரும்பி வருவாரே, அந்த இடத்தில் நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டீர்கள். கொரியர்களின் பாரம்பரிய உடையான ஹன்போக்கில் நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு, இது தன் திதிக்கு வைக்கப்போகிற படம், அழகாக எடுத்துக்கொடு என்கிறார். “மோவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுடா” என்று நீங்கள் திரையைப் பார்த்து முணுமுணுத்தீர்கள். நம் கடைக்கு அப்படி யாரும் உயிரோடு வந்ததில்லை என்று அப்புறம் சொன்னீர்கள். செத்த வீட்டிலிருந்து யாராவது ஒரு கல்யாண குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, ஒரு தலையின் மேல் விரலை வைத்து, “இவர மட்டும் பெருசாக்கிக் கொடுங்க” என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டி எடுத்து, பின்னால் நீல வண்ணம் பூசித் தருவீர்கள். ஜோங்வொன் அந்த வேலையை யாருக்கும் வைக்கவில்லை. கேமராவைச் சரிசெய்துவிட்டு, தானே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, லேசாகச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பே அப்படியே துக்க வீட்டுப் படமாகிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் யூ யோங்கில் படம் திரைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னால் காலமானார் என்பதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. கல்லூரியில் படிக்கும்போது முதல் தடவை பார்த்த நான் அதைத் தியாகம் என்றுதான் நம்பினேன். பாவம், அவள் மனசு உடைந்துவிடக் கூடாதென்று மறைத்துவிட்டான் என்று நாலு பேரிடம் உருகியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவனுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. குடித்துவிட்டு நடக்கும்போது சிநேகிதனிடம் சாகப்போகிறேன் என்று சொல்லத்தான் செய்கிறான், அவன் அதை விளையாட்டு என்று சிரித்துத் தள்ளுகிறான். போலீஸ் ஸ்டேஷனில் சும்மா இரு என்றதும், “நான் ஏன் சும்மா இருக்கணும்” என்று கத்துகிறான். ராத்திரி போர்வைக்குள் அழுகிறான், அப்பா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தாரிம் ஒருத்தியிடம் மட்டும்தான் அவன் நோயாளி இல்லை. தெருவில் தப்பாக நிறுத்திய வண்டிகளைப் பிடிப்பதுதான் வேலை; அந்த வண்டிகளைப் படம் எடுத்துக்கொண்டு, சீக்கிரம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்று வெயிலில் வந்து நிற்கிற இளம் பெண். முதல் நாள் எரிந்து விழுந்ததற்குப் பரிகாரமாக ஐஸ் வாங்கிக் கொடுக்கிறான். அவள் அவனை அஜொஷி என்று கூப்பிடுகிறாள், நம்மூரில் முன்பின் தெரியாதவரை அண்ணாச்சி, மாமா என்பது மாதிரி. என்னைப் பார்த்தால் மட்டும் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்கிறாள். சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கமாட்டாள் இல்லையா, மாமா? அவள் கண்ணில் இரக்கம் வந்து உட்கார்ந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் வாயை மூடிக்கொண்டான் என்று நினைக்கிறேன். இது சுயநலம்தான். இந்த ஒரு சுயநலத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வருகிறது.

ஆனால் அவள் பட்ட பாட்டையும் படம் மறைக்கவில்லை. கடை பூட்டியிருக்கிறது. கதவிடுக்கில் கடிதம் செருகுகிறாள், பதில் இல்லை. கடைசியில் ஒரு ராத்திரி கல்லை எடுத்து ஷோகேஸ் கண்ணாடியில் எறிகிறாள். “கண்ணாடி என்ன விலை தெரியுமா” என்று நீங்கள் சொன்னதற்கு அத்தை முறைத்தாரே! அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதில் எழுதுகிறான், அதையும் அவள் படங்களோடு ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுகிறான். வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனவளைத் தேடிக்கொண்டு போனவன், எதிர்க் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளியே நடக்கிற அவள் உருவத்தை விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போகிறான். எழுந்து வெளியே போவதற்கு நாலு எட்டுதான்.

உங்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டதா தெரியவில்லை. ஷோகேஸில் முதலில் இருந்தது அவனுடைய முதல் காதலியின் படம். கல்யாணமாகிப் போன ஜிவொன் ஒரு நாள் வந்து, ஏதோ ஒட்டாமல் நாலு வார்த்தை பேசிவிட்டு, அதை எடுத்துவிடச் சொல்கிறாள். காதலும் ஒரு நாள் வெறும் நினைவாகத்தான் நிற்கும் என்று அவன் குரல் பின்னால் ஒலிக்கிறது. நிச்சயமான ஒரு பெண்ணின் அப்பா நம் கடைக்கு வந்து, “ஷோகேஸ்ல இருக்கறத எடுத்துடுங்க சார்” என்று கெஞ்சிய கதையை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்!

கடைசியில் பனி பெய்கிறது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் போகிறார். ரிமோட்டை அழுத்தத் தெரியாமல் மகனிடம் எரிச்சல் வாங்கிக்கொண்ட அதே அப்பா, பிரிண்ட் மெஷினை எப்படி ஓட்டுவது என்று மகன் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து இப்போது கடையை நடத்துகிறார். தாரிம் வருகிறாள், ஷோகேஸில் தன் படத்தைப் பார்க்கிறாள், சிரித்துவிட்டுப் போகிறாள். அவன் இறந்தது அவளுக்குத் தெரியுமா என்று இணையத்தில் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு வேறு சந்தேகம். அந்தப் படத்தை அங்கே வைத்தது யார்? அவன் வைப்பதாகப் படத்தில் எங்கேயும் வரவில்லை. அப்பாதான் பெட்டியைத் திறந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெண் யார், என்ன என்று அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. படம் நன்றாக வந்திருக்கிறதே என்று வைத்திருப்பார்.

நீங்கள் கடையை மூடியபோது ஷோகேஸில் கடைசியாக யார் படம் இருந்தது மாமா? பெயர் வேண்டாம். எடுக்கச் சொல்லி யாரும் வந்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மருமகன்