கண் விழித்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வலி மாத்திரைகளைக் கரைத்துப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித் தமிழகத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. அளவு மீறினால் மூச்சு அடங்கும் என்பது பலருக்கும் தெரியும். நுரையீரல் படும் பாடு தெரிவதில்லை. மல்லாந்து மயங்கிக் கிடப்பவரின் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாகிறது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து, இளஞ்சிவப்பு நுரை வாய்வழியே தள்ளும். மாத்திரையில் சேர்க்கப்படும் டால்க் என்ற கரையாத தூளின் துகள்கள் நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் தங்கித் தழும்பாகிவிடுகின்றன.

இந்த மாத்திரைகளின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டுக் கண் விழித்ததும், அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி, பிள்ளையை உடனே வீட்டுக்கு அழைத்துப்போகப் பெற்றோர் துடிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நலாக்சோனின் வேகம் ஒரு மணி நேரத்திலேயே குறையலாம். உடலில் மிச்சமிருக்கும் மாத்திரையால் மூச்சு மறுபடியும் அடங்கலாம். மருத்துவர் அனுப்பும்வரை வார்டிலேயே இருக்கட்டும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை