உண்ணி தேட உதவிய எல்லாருக்கும்

ஒருவழியாக ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதன் நன்றிப் பக்கத்தில் மேற்பார்வையாளர், துறை, நிதி கொடுத்தவர்கள் என்று எல்லாரும் முறைப்படி இருக்கிறார்கள். கோழிக்கூண்டைத் திறந்துவிட்டவர்களும் எலிப்பொறி வைக்க இடம் கொடுத்தவர்களும் அதில் இல்லை. இருந்திருந்தாலும் அவர்களில் பலர் அதைப் புரட்டப் போவதில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

உங்களில் பாதிப் பேர் நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்காமலேயே உதவினீர்கள். இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நாய் காதில் ஒட்டியிருக்கும் உண்ணிக்கு முதுகில் கெட்டியான தகடு இருக்கும். நான் தேடியது அந்தத் தகடு இல்லாத மென்னுண்ணி. பார்த்தால் உலர்ந்த திராட்சை மாதிரி இருக்கும். வாய் அடிப்பக்கம் இருப்பதால் மேலிருந்து பார்க்கிறவருக்குத் தலை தெரியாது. பகலெல்லாம் சுவர் விரிசலிலும் மண்ணிலும் கிடந்து, ராத்திரியில் வந்து அரைமணி நேரம் போல ரத்தம் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடும். கடிபட்டவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. தீனி இல்லாமல் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆசியாவிலும் அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் இந்த இனத்து உண்ணிகள் சில, பொரேலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியாவை மனிதருக்குக் கொடுக்கின்றன. ஒரு நிமிடக் கடியே போதும். காய்ச்சல் சில நாள் கொளுத்தும், விட்டுவிடும், ஒரு வாரம் போனதும் திரும்ப வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தக் கிருமியின் மேலுறைப் புரதத்தை அடையாளம் கண்டு அழிக்கிறது. அதற்குள் சில கிருமிகள் வேறு புரதத்துக்கு மாறித் தப்பி, மறுபடி பெருகுகின்றன. 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே ஒரு கிருமியிலிருந்து பெருகிய கூட்டத்தில் 20க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டார்கள்! கோழிகளுக்கும் இதன் உறவுக்கார நோய் ஒன்று உண்டு, அதுவும் மென்னுண்ணி வழியாகத்தான் வரும். உங்கள் கூண்டுகளுக்குள் நான் தலையை விட்டதற்கு இதுதான் காரணம்.

கோலாலம்பூரில் எங்கள் செந்தூலிலும் பத்துமலைப் பக்கமும் கூண்டு திறந்துவிட்ட ஆண்டிகளே, கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்று நீங்கள் என்னைத் திட்டியதையும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். எலி ரத்தத்திலும் அந்தக் கிருமியைத் தேட வேண்டியிருந்தது. அதற்கு எலிப்பொறி வைக்கவிட்ட ஒட்டுக்கடை அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று, கடைப் பெயர் எங்கும் வரக்கூடாது. வரவில்லை அண்ணா. மென்னுண்ணியை வெளியே வரவழைக்க டிரை ஐஸ் வேண்டும். அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயுவை மூச்சுக்காற்று என்று நினைத்து அது வரும். மூட்டைக் கணக்கில் விற்கிற கடையில் எனக்காகக் கொஞ்சமாக உடைத்துக் கொடுத்தார் ஒரு தம்பி, கூடவே ஒவ்வொரு தடவையும் "பேய்ப்படம் எடுக்கிறீங்களாக்கா?" என்ற கேள்வி வேறு.

பத்துமலையில் வழிகாட்டிய அண்ணன்மார் தைப்பூசக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வரச் சொன்னார்கள், அது நல்லதாகப் போயிற்று. 1929இல் ஹர்ஸ்ட் என்பவர் பெயர் சூட்டிய மென்னுண்ணி ஒன்றுக்கு இந்த மலையின் பெயர்தான், ஆர்னிதோடோரஸ் பத்துவென்சிஸ். முருகன் கோயில் படி ஏறுகிற நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆய்வக அக்கா கையுறை போடாமல் யாரையும் உள்ளே விட்டதில்லை. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று காங்கோவில் டாட் என்பவரோடு சேர்ந்து காட்டிய டட்டன், அதே காய்ச்சலில் 1905இல் அங்கேயே இறந்தார். இளம் வயதுதான். அக்கா சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் புத்தி.

அதிகம் கடன்பட்டது, மலேரியா சிலைடு பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவருக்கு. எலி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி கீம்சா சாயம் போட்டு, அதில் மெல்லிய சுருளைத் தேட வேண்டும். மலேரியாவுக்குப் போடும் அதே சாயம், அதே நுண்ணோக்கி. பழகாத கண் சாயக் கசடையும் நாரையும் கிருமி என்று நினைத்துவிடும். செனகலில் இந்தக் காய்ச்சல் வந்தவர்களை மலேரியா என்று நினைத்து வைத்தியம் பார்த்தது உண்டு. ஐயா தன் கோப்பி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரப்படாதேம்மா, அடுத்த புலத்துக்குப் போ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம்தான் புலம். காய்ச்சல் அடிக்கும்போது எடுத்த ரத்தத்தில்தான் மனிதரிடம் இது தெரியும், விட்டபின் தேடினால் கிடைப்பது அரிது என்பதை அவர் பாடமாக நடத்தவில்லை. நோயாளிகளின் கதையாகச் சொன்னார். மனதில் தங்கிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்த, சோதனையைச் சரிபார்க்க உதவும் பொரேலியாவின் ஒப்பீட்டு டிஎன்ஏவுக்கு அனுமதிக் கடிதம் எழுதி, கையெழுத்துக்காக மாடி மாடியாக ஏறிய அலுவலக அம்மாவுக்கும் நன்றி. அது வராவிட்டால் என் சோதனை சரியாக வேலை செய்கிறதா என்றே தெரிந்திருக்காது.

அப்புறம், எல்லாரும் கேட்கும் கேள்வி. நான் சோதித்த உண்ணியிலும் எலியிலும் பொரேலியா கிடைக்கவில்லை. "அப்போ இவ்வளவும் வீணா?" என்று என் அத்தை உட்படப் பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. இந்த இடங்களில், இந்த உயிர்களில் தேடினோம், இப்படித் தேடினோம் என்று எழுதி வைத்திருக்கிறோம். நாளைக்கு வேறு ஒருவர் வேறு குகையில் தேடத் தொடங்கும்போது, நீங்கள் கொடுத்த உண்ணிகள் அந்தக் கணக்கில் இருக்கும். அதனால் நாட்டில் எங்குமே இல்லை என்று மட்டும் சொல்லித் திரியாதீர்கள், அதை என் ஆய்வு சொல்லவில்லை.

ஒட்டுக்கடையில் தமிழில் நாலு பக்கச் சுருக்கம் வைத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூண்டில் உண்ணி கண்டால் விரலால் நசுக்க வேண்டாம், இடுக்கியால் எடுத்து மூடியுள்ள புட்டியில் போட்டு எனக்குச் சொல்லுங்கள். ஆண்டி, உங்கள் இரண்டு பிஸ்கட் டின்னும் என்னிடம்தான் இருக்கின்றன. கழுவியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உண்ணிக்காரப் பெண், செந்தூல்